ஒரு சீப்புத் தோல்

மனிதத் தோலின் விலை ஒரு காசு. பேரம் கிடையாது. ஆராய்ச்சி நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில், பதினோராவது தொகுதியில், நானூற்றுப் பன்னிரண்டாம் வரிசை எண்ணில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் வரியில் மிதியடி ஒன்று, நாற்பது காசு. கீழ் வரியில் குப்பைக்கூடை, மூடியுடன், எழுபத்தைந்து. காலைத் துடைக்கிற சாமானுக்கு நாற்பது, காலை மூடியிருக்கிற சாமானுக்கு ஒன்று. சந்தை தெரிந்தவர்கள் இதைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள். விற்கிறவன் சும்மா கொடுத்தால் வாங்குகிறவன் எப்போதும் ஒரு காசுதான் எழுதுவான்.

தோலின் சொந்தக்காரர் ஒரு சலவை ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவர். நீராவிக் குழாய் வெடித்த அன்று பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை மறைத்துக்கொண்டு இவர் திரும்பிவிட்டார். முகம் தப்பியது. முதுகும் இரண்டு தோள்களும் வெந்து போயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம் என்றால் தொடையும் பாதி போயிருந்தது. ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் கடைசி வழியாக அடிவயிற்றிலிருந்து தபால்தலை அளவு தோலை எடுத்து, ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த விஞ்ஞானிக்கு அனுப்பினார். அதை வளர்த்து ஆறு துண்டாகத் தர வேண்டும். மூன்று வாரம் தவணை. அதற்கு மேல் போனால் புண் தானாகவே தழும்பு கட்டிச் சுருங்கிக்கொள்ளும். சுருங்கினால் கை மேலே ஏறாது. பாய்லர் வால்வு தலைக்கு மேல் இருக்கிறது, இரண்டு கையாலும் திருப்ப வேண்டும்.

விஞ்ஞானி அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு நேராகப் பண்டகசாலைக்குப் போனார். உள்ளே வருகிற எதுவும் பதிவாகாமல் ஆய்வுக்கூடத்துக்குள் போகக் கூடாது என்பது விதி. பண்டகசாலை அதிகாரியை எல்லோரும் ஸ்டோர்ஸ் சார் என்றே அழைப்பார்கள். நல்ல மனிதர், யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டார். யாருக்கும் எதையும் கொடுக்கவும் மாட்டார்.

"தயாரிப்பாளர் பேர் சொல்லுங்க மேடம்."

"அவரோட அம்மா."

"அது கம்பெனி இல்லையே. கோடு போட்டுடறேன். மாடல் நம்பர்?"

"இல்லீங்க."

"வாரண்டி?"

"மனுஷத் தோலுக்கு யாருங்க வாரண்டி குடுப்பாங்க?"

"வாரண்டி இல்லாம எப்படி மேடம் நம்பி வாங்கினீங்க?"

"வாங்கலை. குடுத்தாங்க."

ஸ்டோர்ஸ் சார் பேனாவைக் கீழே வைத்தார். "சும்மாவா?"

"சும்மாதான்."

"பில் இல்லாம?"

"இல்லாம."

அவர் முகத்தில் ஒரு பரிவு வந்தது. யாரோ இந்த அம்மாளை ஏமாற்றி எதையோ தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். பில் இல்லாத பொருளுக்கு ஒரு காசு மதிப்பு எழுதலாம் என்று விதி இருந்தது. எழுதினார். வெள்ளை மையில் எண் போட்ட சீட்டு ஒன்றைப் பெட்டியின் மேல் ஒட்டினார். தோலின் மேலேயே ஒட்ட வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். சீட்டு தோலைவிடப் பெரிதாக இருந்ததால் விட்டுக்கொடுத்தார்.

விஞ்ஞானி அங்கே சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் செய்கிற வேலையை அவருடைய வீட்டுக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அவர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். "எங்க வீட்டம்மா செல்லுக்குப் பாய் பின்றா" என்பார். பொய்யில்லை. உடம்பிலிருந்து எடுத்த உயிரணு, வாடகைக்கு வீடு பார்க்கிற குடும்பஸ்தன் மாதிரி. வழவழப்பான தரையில் கால் ஊன்றாது, சுருண்டு உருண்டுவிடும். சொரசொரப்பு அதிகமானாலும் தங்காது. விஞ்ஞானி ஒரு மெல்லிய படலத்தின் மேல் தூண் தூணாக எழுப்பினார். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஐந்நூறு தூண் அடங்கும். அந்தத் தூண்களின் உயரமும் இடைவெளியும் சரியாக அமைந்துவிட்டால் உயிரணு காலை நீட்டும், பக்கத்து அணுவின் கையைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாகும், நாலாகும், ஒரு விரிப்பாகவே ஆகிவிடும். சரியான இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இருபத்திரண்டு வருடம்.

முதல் ஒன்பது வருடம் உயிரணுக்கள் ஒழுங்காகச் செத்தன. அடுத்த எட்டு வருடம் ஒழுங்கில்லாமல் செத்தன. இரண்டு வகைச் சாவையும் பற்றி முப்பத்தொரு கட்டுரை வெளியானது. மூன்று பதவி உயர்வு, ஒரு கேடயம், ஒரு சால்வை. நிலையத்தில் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. உயிரணுக்கள் பிழைக்க ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை.

இயக்குநருக்கு நானோ என்ற சொல்லின் மேல் அளவுகடந்த பிரியம். அந்த வளாகத்திலேயே பெரிய கட்டடத்துக்கு நானோ மாளிகை என்று பெயர் வைத்தவர் அவர்தான். உள்ளே ஒரு நுண்ணோக்கி உண்டு. அது மூன்று முறை திறந்து வைக்கப்பட்டது. வாங்க முடிவானபோது ஒரு முறை, பெட்டி வந்தபோது ஒரு முறை, பெட்டியைப் பிரித்தபோது ஒரு முறை. நாலாவது மாதம் அது பழுதானபோது விழா எதுவும் நடக்கவில்லை. கல்வெட்டுகள் மட்டும் மூன்றும் துடைத்துச் சுத்தமாக இருக்கின்றன. அவற்றைத் துடைக்கத் தனி ஆள் உண்டு.

தோல் வளர்ந்தது. இரண்டாவது வாரம் முடிவதற்குள் ஆறு வட்டத் தட்டுகளில் ஆறு விரிப்பு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வெங்காயச் சருகைவிட மெல்லிசு. இரண்டு நாளைக்கு ஒரு தடவை பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தன் கழிவிலேயே தான் மூழ்கிச் சாகும். பாய்லர்காரரின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். நாள் தவறாமல் போன் பண்ணுவார்.

"அம்மா, தோலு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுது."

"இவருதான் சாப்பிட மாட்டேங்கறாரு. அதையாவது பட்டினி போடாதீங்க."

மூன்றாவது வாரம் சனிக்கிழமை அறுவைசிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதே வாரம் திங்கட்கிழமை வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு தொடங்கியது.

சரிபார்ப்புக் குழுவில் மூன்று பேர். ஸ்டோர்ஸ் சார் தலைவர். தோட்டப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர், வாகனப் பிரிவு கண்காணிப்பாளர் ஒருவர். சரிபார்க்கிற பொருளைப் பற்றி எதுவும் தெரியாதவர்களைத்தான் குழுவில் போட வேண்டும், தெரிந்தவர்களைப் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று இயக்குநரே சுற்றறிக்கை விட்டிருந்தார்.

அவர்கள் வந்தபோது விஞ்ஞானி ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு முடிந்திருந்தது. நாலு தட்டு பாக்கி.

"நானூத்திப் பன்னெண்டு," என்று தோட்டக்காரர் படித்தார். "தோல். எண்ணிக்கை ஒண்ணு."

வாகனக்காரர் வளர்ப்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டி உடம்புச் சூட்டில் இருந்ததால் அவருடைய கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "சார், இங்க ஆறு இருக்கு."

ஸ்டோர்ஸ் சார் பதிவேட்டை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார்.

"மேடம், மீதி அஞ்சு எங்கிருந்து வந்தது?" என்றார் ஸ்டோர்ஸ் சார்.

"வளந்தது."

"யார் உத்தரவு?"

"உத்தரவா? செல்லு தானா ரெண்டாப் பிரியும் சார். அதுதான் அதோட வேலை."

"பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாம எப்படிப் பிரியும்? கோவிச்சுக்காதீங்க மேடம். ஒரு பொருள் குறைஞ்சிருந்தா எனக்கு ஒரு ஃபாரம் இருக்கு, காணாமல் போனது. உடைஞ்சிருந்தா ஒரு ஃபாரம் இருக்கு, கழிவு. கூடியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? இந்த நிலையம் ஆரம்பிச்சு நாப்பது வருஷத்துல இங்க எதுவும் கூடினதே இல்ல."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

தோட்டக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டி உதவிக்கு வந்தார். "சார், பெருகும் இருப்புன்னு ஒண்ணு இருக்கு. விலங்குக் கூடத்து முயலுக்குப் போட்டது."

"படிங்க."

"குட்டிகளைத் தாயின் எண்ணுக்குக் கீழே பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் இடது காதில் வில்லை பொருத்த வேண்டும்."

மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

"இதுக்குக் காது எது மேடம்?" என்றார் வாகனக்காரர்.

"காது கிடையாது."

"எதுவுமே இல்லையா?"

"எதுவுமே இல்ல. தோலு அது."

"அப்ப முயல் விதி செல்லாது," என்றார் ஸ்டோர்ஸ் சார் வருத்தத்துடன். கணக்கில் வராத சொத்து என்று ஒரு தலைப்பில் அறிக்கை எழுதினார். வளர்ப்புப் பெட்டியின் கதவைச் சாத்தி, குறுக்கே காகிதம் ஒட்டி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்தார்கள்.

"சார், நாலு தட்டுக்கு இன்னும் சாப்பாடு வைக்கல. அஞ்சே நிமிஷம்."

"சீல் வெச்சாச்சு மேடம்."

"செத்துடும் சார்."

"செத்தா எண்ணிக்கை மாறாது இல்ல? அப்ப அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. உயிரோட இருக்கறதுதான் இப்ப எங்களுக்குக் கவலை. இதோட விட்டா இன்னிக்கு ஆறு, நாளைக்குப் பன்னெண்டு. யார் பதில் சொல்றது?"

வாசலில் ஒரு காவலாளியைப் போட்டுவிட்டு, அடுத்த அறைக்கு நாற்காலி எண்ணப் போனார்கள்.

அன்று சாயங்காலம் பழக்காரம்மா போன் பண்ணினார். விஞ்ஞானியால் பொய் சொல்ல முடியவில்லை.

"பூட்டிட்டாங்கம்மா."

"பூட்டினாங்களா? எதுக்கு?"

"ஒண்ணு குடுத்தீங்க. இப்ப ஆறா இருக்காம்."

"நல்லதுதானே!"

"அதுதான் குத்தமாம்."

மறுமுனையில் தராசுத் தட்டில் எதையோ வைக்கிற ஓசை கேட்டது. "என்னம்மா ஆபீசு அது," என்றார் பழக்காரம்மா.

செவ்வாய்க்கிழமை இயக்குநரைப் பார்க்கப் போனார் விஞ்ஞானி. இயக்குநர் விஷயத்தைக் கேட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஒண்ணு ஆறாச்சா? அப்படின்னா ஐந்நூறு சதவீத வளர்ச்சி! ஆண்டறிக்கைல முதல் பக்கம் போடணும். இப்பவே ஒரு பத்தி எழுதிக் குடுங்க."

"சார், அது பெட்டிக்குள்ள பட்டினி கெடக்கு. சீலை எடுக்கச் சொல்லுங்க."

"சீல் சரிபார்ப்புக் குழு வெச்சது. நான் தலையிட்டா நாளைக்கு என்னையே ஒருத்தன் கேள்வி கேப்பான். முறையீட்டுக் குழு இருக்கே, அதுக்கு எழுதிக் குடுங்க."

"அது எப்ப கூடும்?"

"காலாண்டுக்கு ஒரு தடவை. போன வாரம்தான் கூடிச்சு. பிரமாதமான கூட்டம்."

"சனிக்கிழமை ஆபரேஷன் சார். அந்த மனுஷனுக்குக் கை ஏறாமப் போயிடும்."

இயக்குநர் பரிவுடன் சிரித்தார். மேசையைச் சுற்றி வந்து, ஜன்னலோரம் போய், வெளியே புல்தரையைப் பார்த்தபடி பேசினார். தனியாக இருக்கும்போதும் அவருக்கு மேடைக் குரல்தான். "நீங்க நல்ல விஞ்ஞானி. ஆனா ஒரு அடிப்படை விஷயத்துல குழப்பிக்கறீங்க. இந்த நிலையம் மனித குலத்துக்காக இருக்கு. மனுஷங்களுக்காக இல்ல. ஒரு ஆளுக்குத் தோல் போடறது ஆஸ்பத்திரி வேலை. கோடிப் பேருக்குத் தோல் போடலாம்னு சொல்றதுதான் நம்ம வேலை. ஒருத்தருக்குப் போட்டு, அது ஒட்டலைன்னு வெச்சுக்குங்க. கோடிப் பேருக்குப் போடலாம்னு நாளைக்கு எந்த முகத்தோட சொல்வோம்?"

விஞ்ஞானி கிளம்ப எழுந்தார்.

"போடாத வரைக்கும் நம்ம தோல் ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. அதைக் காப்பாத்தணும்," என்று முடித்துவிட்டு, தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய், அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லி உதவியாளரைக் கூப்பிட்டார். "அந்தப் பத்தி மறந்துடாதீங்க," என்று வாசல் வரை வந்து நினைவூட்டினார்.

புதன்கிழமை விஞ்ஞானி காவலாளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் வெளிப்புறத்தில் வெப்பநிலை காட்டும் சிவப்பு எண் முப்பத்தேழிலேயே நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். பதினேழு வருடம் பார்த்த சாவு. காவலாளி தயங்கித் தயங்கி, "உள்ள என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டார். "ஒருத்தரோட முதுகு," என்றார் விஞ்ஞானி. காவலாளி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையை மூடுகிற நேரத்தில் விஞ்ஞானி நேரே வீட்டுக்காரரின் கடைக்குப் போனார். அவர் துணித் தான்களைச் சுருட்டி அலமாரியில் ஏற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"கூடினா குத்தமா? என் கடையில ஒரு தான் ஆறு தானாச்சுன்னா உங்க ஸ்டோர்ஸ் சாரைக் கூப்பிட்டு விருந்தே வைப்பேன்."

"விளையாடாதீங்க. நாளன்னிக்கு ஆபரேஷன்."

"விளையாடல. இரு, யோசிக்கறேன்." ஒரு தானை முழங்கையால் தட்டி உள்ளே தள்ளினார். "நீ ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றியே, அதுக்கு எந்தக் குழு கூடுது?"

"குழு இல்ல. கேட் பாஸ். திருப்பித் தர வேண்டிய பொருள்னு போட்டு எடுத்துட்டு வருவேன்."

"அதான். நானும் பெரிய வீட்டுக்காரங்களுக்குத் துணியைச் சீட்டு எழுதிக் குடுத்தனுப்பறேன், வீட்டுல பார்த்துட்டு வேணாம்னா திருப்பிக் குடுங்கன்னு. போற துணி வர்றதே இல்ல. ஆனா சீட்டு இருக்கும். சீட்டு இருந்தாப் போதும், மனசு ஆறிடும். உங்க ஆளுக்கும் வேண்டியது சீட்டுதான். தோலு இல்ல."

"நான் கேட்டா குடுக்க மாட்டாரு. சீல் என் பேர்ல இருக்கு."

"நீ ஏன் கேக்கறே? பொருள் யாரோடதோ அவங்களை வரச் சொல்லு. அந்தப் பழக்காரம்மா வியாபாரம் பண்றவங்கதானே? நீ வாயைத் திறக்காம பக்கத்துல நில்லு. இருபத்திரண்டு வருஷமா உனக்குப் பேரம் பேசத் தெரியாது. இன்னிக்கு வந்துடப் போறதில்ல."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பழக்காரம்மா பண்டகசாலைக்கு வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, கையில் ஒரு வாழைச் சீப்புடன் உள்ளே நுழைந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, கேட்காமலே எதிரில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரர் தோலு உங்க நோட்டுல இருக்காமே சார்?"

"ஆமாம்மா. நானூத்திப் பன்னெண்டு."

"என்ன விலை போட்டிருக்கீங்க?"

ஸ்டோர்ஸ் சாருக்கு முதல் முறையாக அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "ஒரு காசு."

"பரவாயில்ல. வீட்டுல நான் அவ்வளவுகூடப் போட மாட்டேன்." அவர் சிரிக்காமல் சொன்னார். "நாங்க அதை விக்கல. குடுத்து வெச்சோம். இப்ப வேணும்."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதும்மா. பெரிய பொருளுக்கு இயக்குநர் கையெழுத்து வேணும்."

"ஒரு காசுப் பொருள் பெரிய பொருளா?"

ஸ்டோர்ஸ் சார் விதிப் புத்தகத்தைத் திறந்தார். பத்துக் காசுக்கு உட்பட்ட பொருளைத் திருப்பித் தரும் நிபந்தனையின் பேரில் வெளியே அனுப்பப் பண்டகசாலை அதிகாரியே போதும். சீல் வைத்த பொருளுக்கு அது பொருந்துமா என்று தேடினார். பொருந்தாது என்று எங்கேயும் எழுதவில்லை. நாற்பது வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. விஞ்ஞானி, வீட்டுக்காரர் சொன்னபடி, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சரிம்மா. ஆனா நோட்டுல ஒண்ணுன்னு இருக்கு. ஒண்ணுதான் வெளியே போகும். ஆறு போகாது."

பழக்காரம்மா மேசையில் இருந்த சீப்பைத் தூக்கிக் காட்டினார். "இது எத்தனை சார்?"

"எண்ணினாத்தான் தெரியும். பன்னெண்டு இருக்கும்."

"எண்ணாதீங்க. கடையில வந்து எப்படிக் கேப்பீங்க? ஒரு சீப்பு குடும்மான்னுதானே? நான் ஒண்ணுன்னு குடுப்பேன், நீங்க ஒண்ணுன்னு வாங்கிட்டுப் போவீங்க. வீட்டுல போய் எண்ணிட்டு, அய்யய்யோ பன்னெண்டு இருக்கு, மீதி பதினொண்ணு எங்கிருந்து வந்ததுன்னு போலீசுக்குப் போவீங்களா?"

"மாட்டேன்."

"ஒரு காம்புல வந்தா ஒரு சீப்பு. எங்க வீட்டுக்காரர் ஒரே ஆளு. அவர் தோலு ஒரு சீப்பு."

ஸ்டோர்ஸ் சார் வெகுநேரம் யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. திங்கட்கிழமையிலிருந்து அந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார். இப்போது கணக்கு சரியாகிவிட்டது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பேனாவை எடுத்து நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே, எண்ணிக்கை ஒன்று என்பதற்குப் பக்கத்தில், 'சீப்பு' என்று அழகாக எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார் விஞ்ஞானியிடம், உண்மையான வருத்தத்துடன்.

மதியம் சீலை உடைத்தார்கள். உடைப்பதற்கும் மூன்று பேர் கையெழுத்து வேண்டியிருந்தது, வாகனக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து கை கழுவிக் கையெழுத்துப் போட்ட பிறகு கதவு திறந்தது.

விஞ்ஞானி ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திங்கட்கிழமை ஊட்டநீர் மாற்றிய இரண்டு தட்டுகளில் விரிப்பு தெளிவாகப் படிந்திருந்தது. தன் மேசையில் இருந்த பழைய சின்ன நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உயிரணுக்கள் தூண்களைப் பற்றியபடி கையோடு கை கோத்துக் கிடந்தன. மற்ற நாலு தட்டுகளில் நீர் மஞ்சளித்து, விரிப்பு கிழிந்த துணி மாதிரி மிதந்தது.

"ரெண்டுதான்," என்றார்.

பழக்காரம்மா வியாபாரத்தில் எது தேறும் எது தேறாது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவர். "ரெண்டு எதுக்கு ஆகும்மா?"

"ஒரு தோளுக்கு. வலது தோளுக்குப் போடச் சொல்றேன்."

"சீப்பு முழுசா எடுத்துக்கணும்மா," என்று இடையில் வந்தார் ஸ்டோர்ஸ் சார். "பாஸ்ல ஒரு சீப்புன்னு போட்டுட்டேன்."

பழக்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அழுக வெச்ச பழத்தை நான் எதுக்கு சார் சுமக்கணும்? நீங்களே வெச்சுக்கோங்க."

ஸ்டோர்ஸ் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு விஞ்ஞானியிடம் தணிந்த குரலில் கேட்டார். "மேடம், செத்தது இனிமே பிரியாதில்ல?"

"பிரியாது."

"அப்ப இருக்கட்டும்." நாலு தட்டுகளையும் மூடி, எண் எழுதி, அலமாரியில் பத்திரமாக வைத்தார். பாஸில் 'சீப்பின் ஒரு பகுதி' என்று திருத்தி, திருப்பித் தர வேண்டிய கெடு ஒரு வருடம் என்று எழுதி, பழக்காரம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கையில் தட்டுகளை வாங்கியிருந்ததால் கட்டைவிரலை மட்டும் நீட்டினார்.

சனிக்கிழமை வலது தோளுக்குத் தோல் போட்டார்கள். ஒட்டியது. இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி ஒரு மனிதனின் உடம்பில் உட்கார்ந்து, அவன் உடம்பு அதை ஏற்றுக்கொண்ட அன்று, நிலையத்தில் நுண்ணோக்கியின் திறப்புவிழா நாலாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். முதுகும் இடது தோளும் தானாக ஆறின. இடது தோள் தழும்பு கட்டி, சுருங்கி, ஒரு நாள் நின்றுவிட்டது.

ஒரு வருடம் கழித்து பாய்லர்காரர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. தாங்கள் எடுத்துச் சென்ற நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுள்ள பொருளைச் சேதமின்றிச் சரிபார்ப்புக்கு ஆஜர்படுத்தவும். தவறினால் மதிப்பைப் போல் பத்து மடங்கு வசூலிக்கப்படும்.

"பத்துக் காசு," என்றார் பழக்காரம்மா. "குடுத்துட்டு வந்துடலாமா?"

"வேணாம். போய்க் காட்டிட்டு வருவோம்," என்றார் அவர்.

பண்டகசாலையில் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நின்றார். குழுவினர் மூவரும் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"பதிவேட்டுல வட்டம்னு இருக்கு. இப்ப வட்டமாவே இல்லையே," என்றார் வாகனக்காரர்.

"தோளோட வளைவுக்கு வெட்டிப் போட்டாங்க சார்."

"பொருள் நனையாம வெச்சிருக்கீங்களா?" என்றார் தோட்டக்காரர்.

"குளிக்கறேன் சார்."

"விதிப்படி நனையக் கூடாது. எழுதிக்கறேன்."

ஸ்டோர்ஸ் சார் வெள்ளை மையும் தூரிகையும் எடுத்து வந்தார். "எண் எங்க எழுதறது?"

"என் நெத்தில எழுதுங்க," என்றார் பழக்காரம்மா. "எப்பவும் அவர் கூடவே இருக்கேன்."

அந்த நேரத்தில் இயக்குநர் புகைப்படக்காரருடன் உள்ளே வந்தார். யாரோ சொல்லி விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பாய்லர்காரரைக் கட்டித் தழுவி, வலது தோளைத் தட்டி, "இதுதான் நம்ம நிலையம் மனித குலத்துக்குக் குடுத்தது" என்றார். பாய்லர்காரருக்குத் துணையாக வந்திருந்த விஞ்ஞானியை ஓரமாக நிற்கச் சொன்னார். "ரெண்டு கையையும் மேல தூக்குங்க பார்ப்போம். வெற்றி மாதிரி!"

பாய்லர்காரர் தூக்கினார். வலது கை நேராக உச்சிக்குப் போனது. இடது கை மார்பு வரை வந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம் சார்," என்றார் புகைப்படக்காரர்.

"அது ஏறாதுங்க."

"ஏன்?" என்றார் இயக்குநர்.

ஸ்டோர்ஸ் சார் தூரிகையிலிருந்து சொட்டிய மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல, ஒரு கை போதும்," என்றார் இயக்குநர் புகைப்படக்காரரிடம். "அந்தப் பக்கத்தை வெட்டிடு."

ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. ஒரு தோள், உயர்ந்த ஒரு கை, இயக்குநர் முழுசாக.

அதே வாரம் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே இப்படி எழுதப்பட்டது. தோல், ஒரு சீப்பு. அலமாரியில் நான்கு, நல்ல நிலையில். வெளியாளின் முதுகில் இரண்டு, நனைந்த நிலையில். மொத்தம் சரி.

விஞ்ஞானி தன் ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு கணக்கு எழுதினார். வீட்டுக்காரரின் கடைக் கணக்கைப் பார்த்துப் பழகிய கை, நடுவில் கோடு கிழித்து எழுதியது.

வரவு: தபால்தலை அளவு தோல், ஒன்று. இருபத்திரண்டு வருடம்.
செலவு: கையெழுத்து, முப்பத்தெட்டு. அரக்கு, ஒரு கட்டி. பட்டினி, நான்கு நாள்.
கொடுத்தது: வலது தோள்.
பாக்கி: இடது தோள். பாய்லர் வால்வு திருப்ப இப்போது வேறு ஆள் வைத்திருக்கிறார்கள்.